மூத்தவன் பாகமும் முதல் மரியாதையும்

திண்டுக்கல்லில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட், உயில் எல்லாம் எழுதுவேன். ஆனாலும் கைக்குப் பழகிய வேலை பாகப்பிரிவினைதான். அண்ணன் தம்பிகளுக்குள் நிலத்தைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சர்வேயர் வந்து அளந்தால் சென்ட் கணக்கில் வகிடு எடுத்த மாதிரி பிரித்துவிடலாம். கிணற்றுக்கு முறைத்தண்ணீர் எழுதலாம், வண்டிப்பாதைக்கு அகலம் எழுதலாம். எல்லாம் முடிந்து ஸ்டாம்ப் பேப்பர் வாங்கப் போகும் நேரத்தில்தான் ஒருவர் வாய் திறப்பார்: “சாமிப் பெட்டி யார் வீட்ல இருக்கும்ணே? திருவிழாவுல பரிவட்டம் யாருக்கு?” அதுவரை கிணற்றடியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துப் பேசிய பெரியவர், அந்த இடத்தில் மட்டும் அசைய மாட்டார். மூத்தவன் இருக்கும்போது இளையவன் எப்படித் தலையில் துண்டு கட்டுவான் என்பார்.

சொத்துக்கு ஷெட்யூல் போடலாம், முதல் மரியாதைக்குப் போட முடியாது. ஒன்று பிரியும், மற்றது பிரியாது. பிரியாத பொருளை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி பழையது. திண்டுக்கல் சமவெளியில் அது பாளையங்களைக் கவிழ்த்திருக்கிறது. நான் சிறு வயதிலிருந்து ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த வேதாகமத்திலும் இஸ்ரவேல் கோத்திரங்களை ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆட்டிப்படைத்தது அதே கேள்விதான்.

என் தொழில் கண்ணோடு ஆதியாகமத்தைப் படித்தால் ஏசாவும் யாக்கோபும் செய்துகொண்டது சுத்தமான கிரயம். பசியோடு வந்த மூத்தவன், பயற்றங்கூழுக்கும் அப்பத்துக்கும் தன் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனின் உரிமையை, ஆணையிட்டுக் கொடுத்துவிட்டான். வாங்கியவன் யாக்கோபு. அதே யாக்கோபு கிழவனாகி எகிப்தில் சாகக் கிடக்கும்போது பன்னிரண்டு மகன்களையும் கட்டிலைச் சுற்றி நிறுத்திப் பேசுகிற 49-ம் அதிகாரத்தை ஓர் உயிலாகத்தான் என்னால் வாசிக்க முடிகிறது. மூத்தவன் ரூபன். தகப்பனின் மறுமனையாட்டி பில்காளிடம் அவன் செய்த தப்புக்காக மூத்தவன் என்ற இடம் போனது. அடுத்தவர்கள் சிமியோனும் லேவியும். தங்கை தீனாளுக்கு நேர்ந்ததற்குப் பழிவாங்கச் சீகேம் ஊர் ஆண்களை வெட்டிப் போட்டார்கள். அவர்களுக்கும் கிடையாது. நான்காவது மகன் யூதாவிடம் செங்கோல் போகிறது.

செங்கோல் போனதோடு மூத்தவனுக்குரிய இரட்டைப் பங்கு போகவில்லை. அது பதினோராவது மகன் யோசேப்புக்குப் போனது. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே யாக்கோபு யோசேப்பின் இரண்டு மகன்களையும் தன் மகன்களாக எழுதிக்கொண்டார். எப்பிராயீமும் மனாசேயும் ஆளுக்கொரு கோத்திரம், ஆளுக்கொரு நிலம். அந்த இடத்திலும் கிழவர் கைகளை மாற்றி வைத்தார். வலது கை இளையவன் எப்பிராயீமின் தலையில். யோசேப்பு பதறி, இவன்தான் மூத்தவன் என்று கையை எடுக்கப் பார்க்கிறார். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார் தகப்பன். லேவிக்கோ பின்னால் நிலமே இல்லை. ஆசரிப்புக் கூடார ஊழியமும், தசமபாகமும், மற்றக் கோத்திரங்களின் எல்லைக்குள் 48 ஊர்களும் தந்தார்கள்.

ஆக, மூத்தவன் ஒருவனிடம் சேர்ந்திருக்க வேண்டிய மூன்றும் மூன்று பேருக்குப் பிரிந்தன: சொத்து யோசேப்புக்கு, அதிகாரம் யூதாவுக்கு, சாமி காரியம் லேவிக்கு. முதலாம் நாளாகமம் 5-ம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இரண்டே வசனத்தில் இவற்றில் முதல் இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். வம்ச அட்டவணை எழுதிக்கொண்டு வந்தவர், ரூபன் பெயருக்கு வந்ததும் நிறுத்தி, பிறப்பால் இவன் மூத்தவன், ஆனால் பாகம் யோசேப்பின் மக்களுக்கு, தலைமை யூதாவுக்கு என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டுத்தான் மேலே போகிறார். வேதாகமத்தில் எனக்கு மிகப் பிடித்த வரிகளில் அவையும் உண்டு. வில்லங்கம் இருந்ததை மறைக்காத பதிவு அது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆண்டது 1529 முதல் 1564 வரை. அவருடைய தளவாய் அரியநாத முதலியார் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. திண்டுக்கல் சீமையில் கன்னிவாடி, விருப்பாட்சி, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை, இடையகோட்டை, மருநூத்து, எமக்கலாபுரம், ஆயக்குடி என்று மலையடிவாரம் நெடுகப் பாளையங்கள். வருமானத்தில் மூன்றில் ஒன்று மதுரைக்கு, ஒன்று படைக்கு, ஒன்று பாளையக்காரருக்கு என்பது பொதுக் கணக்கு. கூப்பிட்ட நேரத்தில் ஆள்படையோடு போய் நிற்க வேண்டும், ஊர்க்காவல் பார்க்க வேண்டும். படையை அண்ணன் தம்பிகள் நாலு பாகமாக்கிக்கொண்டால் அது படையாகாது. அதனால் பாளையம் முழுதும் ஒருவருக்கு. வழக்கப்படி மூத்த மகனுக்கு. இளையவர்களுக்கு ஜீவனாம்சமாக ஏதாவது கிராமம்.

சாதாரணக் குடியானவன் வீட்டில் அப்படி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனு சாத்திரம் மூத்தவனுக்கு இருபதில் ஒரு பங்கு கூடுதல் சொல்கிறது. உபாகமம் 21-ம் அதிகாரம் இரட்டைப் பங்கே சொல்கிறது. தகப்பனுக்குப் பிரியமில்லாத மனைவியின் பிள்ளையானாலும் மூத்தவன் மூத்தவன்தான் என்று கண்டிப்பாகவும் சொல்கிறது. ஆனால் மிதாட்சரம் எழுதிய விஞ்ஞானேசுவரர், சாத்திரத்தில் இருந்தாலும் ஜனங்கள் வெறுப்பதைச் செய்யக்கூடாது என்று மூத்தவன் கூடுதல் பங்கை ஒதுக்கிவிட்டார். எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷமாக நம் சம்சாரி வீட்டில் சமபங்குதான். மூத்தவனுக்கே எல்லாம் என்பது அரண்மனை வழக்கு.

திண்டுக்கல் பாளையக்காரர்களில் பலர் ராஜகம்பளத்து நாயக்கர்கள். ஒன்பது கம்பளம் என்று பிரிவு சொல்வார்கள். வடக்கே இருந்து தப்பி வரும்போது வழியில் வெள்ளம் குறுக்கிட்டதாம். இரு கரையிலும் நின்ற பொங்கு மரங்கள் வளைந்து பாலமாகிக் கரை சேர்த்தனவாம். அதனால் இன்றும் பொங்கு மரம் அவர்களுக்குப் புனிதம். செங்கடலைத் தாண்டிய கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தக் கதை முதல் தடவையே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கம்பளம் விரித்துக் கூடி உட்கார்ந்து நியாயம் பேசும் வழக்கம் அவர்களுடையது. அங்கே பெரியதனக்காரர் என்றால் வெறும் மூத்த பிள்ளை இல்லை. கூட்டம் ஒப்புக்கொண்ட ஆள்.

மேலே இருந்த மதுரை அரண்மனையிலோ இந்த ஒப்புதல் பெரும்பாலும் வாள்முனையில்தான் கிடைத்தது. 1659-ல் திருமலை நாயக்கர் காலம் முடிந்தது. மைசூரோடு நடந்த மூக்கறுப்புப் போரில் படை நடத்திப் போனவர் அவருடைய தம்பி குமாரமுத்து. கன்னிவாடி ரங்கண்ண நாயக்கரும் அந்தப் போரில் இருந்தார். திண்டுக்கல் சீமையின் பதினெட்டுப் பாளையங்களுக்குத் தலைவர் அவர். ஜெயித்துத் திரும்பிய தம்பி, சிம்மாசனத்தில் அண்ணன் மகன் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். படை கையில் இருந்தது, உரிமையும் கேட்டார். கடைசியில் சிவகாசியைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார். யுத்தம் செய்தவர் ஒருவர், ஆண்டவர் ஒருவர்.

அடுத்த முறை அப்படிச் சமாதானமாக முடியவில்லை. விஜயரங்க சொக்கநாதருக்குப் பிள்ளை இல்லை. அவர் இறந்ததும் மனைவி மீனாட்சி அரசியானார். பங்காளி வங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தார். மகனைக் கொடுத்த வங்காரு திருமலையே, வாரிசு நான்தான் என்று எதிர்த்து நின்றார். வழக்குத் தீர்க்க வந்தவர் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். மீனாட்சிக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, 1736-ல் மொத்தத்தையும் தானே எடுத்துக்கொள்ளப் படையோடு வந்தார். திண்டுக்கல் பக்கம் ஒதுங்கியிருந்த வங்காரு திருமலையை அம்மையநாயக்கனூரில் தோற்கடித்தார். அவர் சிவகங்கைப் பக்கம் ஓடினார். மீனாட்சி சிறையில் மாண்டார். கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி மலைக்குப் பஸ் தேடுகிறவர்கள் நிற்பது அந்த அம்மையநாயக்கனூரில்தான். இருநூறு வருஷ நாயக்கர் ஆட்சி ஒரு வாரிசுத் தகராறில் அந்த மண்ணில் முடிந்தது என்பதை அங்கே நினைவுபடுத்த ஒன்றும் இல்லை. எனக்கு அது வருத்தம்.

இஸ்ரவேலில் மட்டும் என்ன வாழ்ந்தது? முதல் ராஜா சவுல், கோத்திரங்களிலேயே சிறியதான பென்யமீனிலிருந்து வந்தவர். அடுத்து வந்த தாவீது, பெத்லகேம் ஈசாயின் கடைசி மகன். அண்ணன்மார் ஏழு பேரையும் சாமுவேல் தீர்க்கதரிசி பார்த்துத் தள்ளிய பிறகு, ஆடு மேய்க்கப் போனவரைக் கூப்பிட்டு அபிஷேகம் செய்தார்கள். தாவீது படுக்கையில் கிடக்கும்போது உயிரோடிருந்த மகன்களில் மூத்தவன் அதோனியா, என்ரோகேல் ஊற்றுக்குப் பக்கத்தில் ஆடுமாடு அடித்து விருந்து வைத்துத் தன்னை ராஜா என்று அறிவித்தார். படைத்தலைவர் யோவாப் அந்தப் பக்கம், ஆசாரியர் அபியத்தார் அந்தப் பக்கம். சாலொமோனின் தாய் பத்சேபாளும் தீர்க்கதரிசி நாத்தானும் ஒருவர் பின் ஒருவராகக் கிழவரின் அறைக்குள் போனார்கள். அன்றைக்கே சாலொமோனைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீகோனுக்குக் கொண்டுபோய் முடிசூட்டினார்கள். அண்ணன் வீட்டு விருந்து முடியும் முன்னே தம்பி ராஜாவாகிவிட்டார். அதோனியா கொஞ்ச நாளில் வெட்டுப்பட்டார்.

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முடிசூட்டிக்கொள்ளச் சீகேமுக்குப் போனார். யூதா ஒப்புக்கொண்டது போதவில்லை. வடக்குக் கோத்திரங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் வேலைச்சுமையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர் கூட்டுவேன் என்றார். பத்துக் கோத்திரம் எழுந்து போய், எரொபெயாமைத் தலைவராக்கிக்கொண்டது. அவர் எப்பிராயீம் கோத்திரத்தார், இரட்டைப் பங்கு வாங்கிய யோசேப்பின் வழி. யாக்கோபு சொத்தையும் செங்கோலையும் இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தது, ஒரே நாட்டை இரண்டு ராஜ்யமாக்கும் இடத்தில் வந்து நின்றது.

மூத்தவன் என்பதற்காகவே ஒருவனுக்கு ராஜ்யம் கொடுத்தார்கள் என்று பச்சையாக எழுதப்பட்ட இடமும் உண்டு. யோசபாத் ராஜா மற்ற ஆறு மகன்களுக்குப் பொன்னும் வெள்ளியும் அரணான பட்டணங்களும் கொடுத்துவிட்டு, மூத்தவன் யோராமுக்கு அரசைக் கொடுத்தார். எந்த வக்கீலும் குறை சொல்ல முடியாத செட்டில்மென்ட். யோராம் தன்னைப் பலப்படுத்திக்கொண்டதும் ஆறு தம்பிகளையும் கொன்றுபோட்டார். கடைசிக் காலத்தில் யோசியா ராஜா போரில் இறந்தபோது ஜனங்கள் மூத்த மகனை விட்டுவிட்டு 23 வயது யோவாகாசை அபிஷேகம் பண்ணினார்கள். மூன்று மாதத்தில் எகிப்திய ராஜா வந்து அவரை இறக்கிவிட்டு, 25 வயது அண்ணனை ஏற்றினார். ஜனங்கள் இளையவரை விரும்பினார்கள். மேலே இருந்த வல்லரசுக்கு மூத்தவர் தோதாக இருந்தார்.

மேலே இருப்பவருக்குத் தோதான ஆள் என்ற இந்தக் கணக்குதான் திண்டுக்கல் பாளையங்களை அடுத்த அறுபது வருஷம் ஆட்டியது. 1742-ல் மைசூர் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. 1755-ல் பாளையக்காரர்களை அடக்க ஹைதர் அலி பவுஜ்தாராக வந்து மலைக்கோட்டையில் உட்கார்ந்தார். 1790-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சீமையே கம்பெனிக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பேஷ்குஷ் என்ற கப்பம் பாக்கி என்று சொல்லிப் பாளையத்தைப் பிடுங்குவதும், பணம் கட்டியவருக்குத் திருப்பித் தருவதும் நடந்தது. தகப்பனுக்குப் பின் மகன் என்ற வழக்கம் இருந்தது உண்மை. மேலே இருப்பவர் ஒப்புக்கொள்ளாமல் அது செல்லவில்லை என்பதும் உண்மை.

இந்தச் சமயத்தில்தான் விருப்பாட்சி கோபால நாயக்கர் எழுந்தார். பழைய வரிசைப்படி பதினெட்டுப் பாளையத்துக்கு முதல் இடம் கன்னிவாடிக்கு. ஆனால் கம்பெனியை எதிர்க்கத் திண்டுக்கல் பாளையங்கள் கூட்டுச் சேர்ந்தபோது தலைமை விருப்பாட்சிக்கு வந்தது. யாரும் அவருக்கு அதைப் பிறப்பால் எழுதிக் கொடுக்கவில்லை. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் சிறு பெண் வெள்ளச்சியோடு ஓடி வந்த வேலு நாச்சியாருக்கு விருப்பாட்சியில் இடம் கொடுத்தவர் அவர். எட்டு வருஷம் கழித்து, 1780-ல், ஹைதரின் படை உதவியோடு நாச்சியார் சிவகங்கையைத் திரும்பப் பிடிக்கும்வரை அந்த அடைக்கலம் கெடவில்லை. ஆபத்தில் வந்தவரைக் காட்டிக்கொடுக்காதவன் என்ற பெயர், பழைய வரிசையைவிடப் பெரிதாக வேலை செய்தது. அண்ணன்மாருக்கு முன்னால் பேசி, பென்யமீனுக்காகத் தன்னையே பிணை வைத்த யூதாவை நான் இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்வேன். தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள் என்று எகிப்தில் நின்று கெஞ்சியது மூத்தவன் ரூபன் இல்லை, நாலாவது ஆள். செங்கோல் அவனுக்குப் போனதற்கு எனக்கு அந்தக் காரணம் போதும்.

1801-ல் எழுச்சி தோற்றது. செப்டம்பர் 5-ம் தேதி கோபால நாயக்கரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். கோபாலசமுத்திரம் குளத்துக்குப் பெயர் அவரால் வந்தது என்பது ஊரில் சொல்லிவரும் சேதி. விருப்பாட்சி பறிமுதலானது.

அதே 1801-ல் சிவகங்கையில் மருது சகோதரர்களுக்கு எதிராகக் கம்பெனி தானே ஒரு வாரிசைத் தேர்ந்தெடுத்தது. அவர் படமாத்தூர் கௌரி வல்லப பெரிய உடையணத் தேவர். அவருக்கு ஓய்யாத் தேவர் என்று ஓர் அண்ணன் இருந்தார். அண்ணனை விட்டுத் தம்பிக்குத்தான் சிவகங்கை. 1803-ல் சனது என்ற உரிமைப் பட்டயமும் வந்தது. 1829-ல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அண்ணன் மகன் ஜமீனில் ஏறினார். நாங்கள் பிரியாத குடும்பம், ஆண்வழி எங்களுடையது என்பது அந்தப் பக்கத்து வாதம். கௌரி வல்லபரின் மனைவி அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார், அவருக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் நடத்தினார். லண்டன் பிரிவி கவுன்சில் 1863-ல் மகளுக்குத் தீர்ப்புச் சொன்னது. குடும்பம் பிரியாததாக இருந்தாலும், சிவகங்கை கௌரி வல்லபர் தனக்கெனத் தனியாகப் பெற்றது, சுயார்ஜிதம். சுயார்ஜிதத்தில் அண்ணன் மகனுக்கு முன்னால் மனைவியும் மகளும் என்றார்கள். முப்பத்து நாலு வருஷ வழக்கு! இந்துச் சட்டம் படிக்கும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

நாளாகமத்தின் இரண்டு வசனத்தில் உள்ள அதே பிரிவினைதான் அந்தத் தீர்ப்பிலும் இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவன் யார் என்பது ஒரு கேள்வி, இந்த ராஜ்யம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் பங்காளிகள் சொத்தெல்லாம் வக்கீலுக்குக் கொடுத்தார்கள். மாறி மாறி ஆளும் கைகளால் நெகிழ்ந்து கிடந்த பாளைய வழக்கத்தை, கோர்ட்டுத் தீர்ப்புகளும் 1904-ன் பிரிக்க முடியாத ஜமீன்களுக்கான சட்டமும் இறுக்கமான விதியாக்கின. எழுதிய விதியானதும், ஆள் தகுதியானவனா என்று கேட்க இடமில்லாமல் போனது. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த ராஜ்யங்களையே ரயத்துவாரி நிலமாக்கிவிட்டது.

மகள் ஜெயித்த கதை வேதாகமத்திலும் உண்டு. மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத் ஆண்பிள்ளை இல்லாமல் வனாந்தரத்தில் செத்தார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து பெண்களும் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கு முன்பாக வந்து நின்று, எங்கள் தகப்பன் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம் என்று தீர்ப்பு வந்தது. அது எண்ணாகமம் 27. அதே புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் பங்காளிகள் மனு கொடுக்கிறார்கள். இவர்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் நிலம் போய்விடுமே என்று. தங்கள் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஐந்து பேரும் சிற்றப்பன் மகன்களைக் கட்டிக்கொண்டார்கள். நிலம் அவர்கள் பெயரில் வந்து, பங்காளிகள் வீட்டுக்குத் திரும்பப் போனது.

தமிழ்நாட்டில் இந்து வீட்டுப் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு 1989-ல் வந்தது. அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை, மத்தியச் சட்டம் 2005-ல்தான் அதைச் சரிசெய்தது. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ன் வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகனுக்கும் மகளுக்கும் சமம். இருந்தும் அண்ணன் தம்பிகள் அக்காவையும் தங்கையையும் கூட்டி வந்து விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்லும் வழக்கம் இரண்டு பக்கமும் ஓயவில்லை. கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு என்பார்கள். நான் பத்திரத்தை அந்தப் பெண்களிடம் வரிக்கு வரி வாசித்துக் காட்டுகிறேன். விட்டுக்கொடுக்கும் பங்கின் இன்றைய மதிப்பையும் சொல்கிறேன். சபைக்காரர்கள் என்றால் எண்ணாகமம் 27-ஐ ஒரு தடவை வீட்டில் எடுத்துப் படித்துவிட்டு நாளைக்கு வாங்கம்மா என்பேன். சிலர் மறுநாள் வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் வருவதில்லை, அண்ணன்மார்தான் வந்து, எங்கக்காகிட்ட என்ன சொன்னீங்க என்று என்னிடம் சத்தம் போடுகிறார்கள்.